ஸ்பிரிங் பட்டையைக் கழற்றுவதற்கு முன்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஆறு மாதங்களுக்கு முன் பழைய டபுள் கெப் ஒன்று வாங்கினேன். வாரத்தில் ஒரு நாள் கடைக்கு அரைத் தொன் அளவில் சாமான் ஏற்றுவேன். மற்ற நாட்களில் வீட்டுப் பாவனைதான். பெட்டி வெறுமையாக இருந்தால் சிறு குழியில்கூடத் தூக்கிப் போடுகிறது. முதுகு வலியுள்ள அம்மாவைப் பின்னிருக்கையில் ஏற்றிச் செல்லவே மனம் வருவதில்லை. பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றினால் சரியாகிவிடும் என்று கராஜில் சொல்கிறார்கள். கழற்றலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். ஏறக்குறைய ஒரு தொன் சுமையைத் தாங்குவதற்கென்று உருக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அமைக்கப்பட்ட ஸ்பிரிங், வெறும் பெட்டியின் எடைக்கு அதிகம் வளைந்து கொடுக்காது. அது கெப் வாகனத்தின் இயல்பு. ஆனால் பழைய வாகனங்களில் அந்த இயல்பின் மேல் வேறு சில குறைகளும் ஏறி உட்கார்ந்திருக்கும். அவற்றைக் களைந்த பின்னர் மிஞ்சும் முரட்டுத்தனத்தை மட்டுமே ஸ்பிரிங்கின் கணக்கில் எழுத வேண்டும்.

முதலில் ரயரின் காற்றைப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டப்பட்ட அட்டவணையில் காற்றழுத்த அளவு இருக்கும். பல மாதிரிகளில் வெறுமையாக ஓடுவதற்கு ஓர் அளவும் சுமையுடன் ஓடுவதற்கு வேறோர் அளவும் தரப்பட்டிருக்கும். சாமான் ஏற்றும் நாளுக்காக அடித்த காற்றோடு வாரம் முழுவதும் ஓடும் வாகனங்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். காலையில் ரயர் சூடாகும் முன் அளந்து, வெறுமைக்குரிய அளவுக்கு இறக்குங்கள். அதற்குக் கீழே போகவே கூடாது, சுமை ஏற்றும் நாளில் மறவாமல் கூட்டவும் வேண்டும். முன்னைய உரிமையாளர் அழகுக்காகப் பெரிய ரிம் மாட்டியிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். 17 அங்குல ரிம்முக்கான 265/65 ரயரின் பக்கச் சுவர் ஏறத்தாழ 172 மில்லிமீற்றர் உயரம். 18 அங்குலத்துக்கான 265/60 ரயரில் அது 159 மட்டுமே. குறைந்த அந்த உயரத்தின் அளவுக்கு அதிர்வு நேரே செஸிக்குப் போகும்.

அடுத்து, வாகனத்தின் கீழே ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். துள்ளலை அடக்கும் ஷொக் அப்சோபரின் உடலில் எண்ணெய் ஈரத்தோடு தூசி படிந்து பசைபோல ஒட்டியிருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகங்கள் பலவற்றை நம்பி வாங்கலாம், ஆனால் ஷொக் அப்சோபரை மட்டும் புதிதாகவே வாங்குங்கள். கூடுதல் சுமைக்கென விற்கப்படும் மிக இறுக்கமான வகையும் உங்களுக்குப் பொருந்தாது.

ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் உள்ள இறப்பர் புஷ்கள் வெடித்தோ நசிந்தோ இருந்தால், ஒவ்வொரு குழியிலும் இரும்பு இரும்போடு மோதும். புதிய புஷ் போடும்போது வாகனத்தின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே போல்ட்டை இறுதியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் இறப்பர் முறுகிய நிலையிலேயே வேலைசெய்து விரைவில் கிழிந்துவிடும். பட்டைகளுக்கு இடையே செந்நிறத் தூள் கோடாகத் தெரிந்தால், அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் துருவில் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். கழற்றித் துருவை நீக்கி, முனைகளில் தேய்ந்துபோன வழுக்குத் துண்டுகளை மாற்றினாலே சிறு குழிகளில் வரும் அந்தக் கடுகடுப்பு நன்கு குறையும்.

கராஜில் சொன்ன யோசனைக்கு வருகிறேன். பல கெப்களில் அடியில் உள்ள தடித்த, தட்டையான பட்டை, சுமை ஏறிய பின்னரே வேலைக்கு வரும். அதைக் கழற்றினால் வெறும் வாகனத்தின் ஓட்டத்தில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இராது, சுமை தாங்கும் வலுதான் போகும். மேலுள்ள பட்டைகளில் ஒன்றைக் கழற்றினாலோ, பின்பக்கம் தாழ்ந்து, அரைத் தொன் ஏற்றிய நாளில் அச்சு இறப்பர் முட்டுக்கட்டையில் போய் இடிக்கும். அந்த இடி இப்போதுள்ள துள்ளலைவிடக் கொடியது. இன்னொன்றையும் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை: சில மாதிரிகளில் பின் பிரேக்கின் விசையைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு, பின்பக்கத்தின் உயரத்தைக் கொண்டே சுமையை அறிகிறது. உயரம் மாறினால் பிரேக்கின் கணக்கும் மாறும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. முன்னைய உரிமையாளர் அதிக பாரம் ஏற்றுவதற்காகத் தாமே ஒரு பட்டையைச் சேர்த்திருக்கலாம். ஒரு பட்டையின் விறைப்பு அதன் தடிப்பின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்பதால், பத்து வீதம் தடித்த பட்டை சுமார் முப்பத்து மூன்று வீதம் விறைப்பாக இருக்கும்; அப்படியொன்று சேர்ந்தாலே ஓட்டம் கெட்டுவிடும். உங்கள் மாதிரிக்குரிய பட்டைகளின் எண்ணிக்கையைக் கைந்நூலில் பார்த்து எண்ணுங்கள். மிகையாக ஒன்று இருந்தால் தயங்காமல் எடுத்துவிடச் சொல்லுங்கள், ஆனால் ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளில் கழற்றிய பழையவற்றைத் திரும்பப் பூட்ட விடாதீர்கள். புதியவற்றைப் போட்டு, சில நாள் ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்க வேண்டும்.

இவை முடியும்வரை அம்மாவை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். டபுள் கெப்பின் பின்னிருக்கை பின் அச்சுக்கு மிக அருகில் இருப்பதால், அதே குழி அங்கே கூடுதலாகத் தூக்கிப் போடும்.