மேலாளர் பேசக் கூடாது என்றால் யாரைக் காட்டுவது?

கேள்வி: மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஆறு ஆண்டுகளாக ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். வேறு நிறுவனத்தில் தேர்வாகிவிட்டேன். அவர்கள் என் மேலாளரிடம் பேச வேண்டும் என்கிறார்கள். எங்கள் நிறுவனத்திலோ, வெளியார் விசாரித்தால் மனிதவளப் பிரிவு மட்டுமே பதில் தர வேண்டும், அதுவும் பணிக்காலத்தையும் பதவியையும் மட்டும் மின்னஞ்சலில் தர வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. மேலாளர் பயந்து ஒதுங்கிவிட்டார். பாரிமுனையில் ஒருவர், 3,000 ரூபாய் கொடுத்தால் மேலாளராகப் பேச ஆள் வைப்பதாகச் சொல்கிறார். என்ன செய்வது?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: முதல் வேலையாக அந்தப் பாரிமுனை ஆளின் எண்ணைக் கைப்பேசியிலிருந்து நீக்குங்கள். அவரிடம் ஏமாந்தவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். வண்ணாரப்பேட்டை இளைஞர் ஒருவருக்கு இப்படி ஏற்பாடு செய்த 'மேலாளர்', விசாரித்த பெண் "இரவு ஷிப்ட் எத்தனை மணிக்கு மாறும்?" என்று கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். வேலையும் போயிற்று, கொடுத்த பணமும் போயிற்று. சரிபார்க்கும் ஏஜென்சிகள் நீங்கள் தரும் கைப்பேசி எண்ணை மட்டும் நம்புவதில்லை. நிறுவனத்தின் பொது எண்ணுக்கும் அலுவலக மின்னஞ்சலுக்கும் போவார்கள். வேலையில் சேர்ந்து ஓர் ஆண்டு கழித்துத் தெரிந்தாலும் வெளியே அனுப்புவார்கள். 'சரிபார்ப்புக் கட்டணம்' என்று உங்களிடம் யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அந்தச் செலவு வேலை தருபவருடையது.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். தேதியையும் பதவியையும் மட்டும் சொல்வது உங்கள் மீது விழுந்த கறை அல்ல. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் இதுதான் நடைமுறை. உங்களை எடுக்கப்போகும் நிறுவனத்திலும் இதே விதி இருக்கலாம். தங்கள் ஆட்களை வாய் திறக்க விடாதவர்கள், அடுத்த நிறுவனத்து மேலாளர் மட்டும் மனம் திறந்து பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் சொன்னவர் இல்லை.

ஆகவே அவர்கள் விசாரிக்கும் முன்பே நீங்கள் எழுதிவிடுங்கள். "எங்கள் நிறுவன விதிப்படி மனிதவளப் பிரிவு மட்டுமே, பணிக்காலத்தையும் பதவியையும் மட்டும் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தும். முகவரி இது. பணி நியமனக் கடிதம் கிடைத்த பிறகு அவர்களைத் தொடர்புகொள்ளலாம்." இவ்வளவு போதும். மேலாளரை வற்புறுத்தாதீர்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. உங்களுக்கு மேலே இருந்து, இப்போது வேலையை விட்டுப் போன ஒருவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். சொந்தப் பொறுப்பில் பேசுவார். கூடவே சம்பளச் சீட்டு, படிவம் 16 (சம்பளத்தில் வரி பிடித்ததற்கு நிறுவனம் தரும் சான்று), பி.எஃப். பாஸ்புக் மூன்றையும் இணையுங்கள்.

பி.எஃப். என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு ஆண்டு என்கிறீர்கள். மணலியிலும் எண்ணூரிலும் பலருக்கு முதல் ஓரிரு ஆண்டு காண்டிராக்டர் கணக்கில்தான் ஓடியிருக்கும். ஒரே வாசல், ஒரே மேசை, சீருடையில் அதே பெயர். ஆனால் சம்பளம் போட்டவர் வேறு. உங்களுக்கும் அப்படியானால், மனிதவளப் பிரிவு 'நான்கு ஆண்டு' என்றுதான் எழுதும், நீங்கள் 'ஆறு' என்று எழுதியிருப்பீர்கள். மேலாளர் பேசாததால் போகும் வேலையைவிட இந்த இரண்டு ஆண்டு வித்தியாசத்தால் போகும் வேலை அதிகம். பொய் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். இன்றே யு.ஏ.என். எண்ணை, அதாவது நிறுவனம் மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்ணை வைத்து, பி.எஃப். உறுப்பினர் தளத்தில் எங்கே எப்போது வேலை செய்தீர்கள் என்று காட்டும் 'சர்வீஸ் ஹிஸ்டரி'யைத் திறந்து பாருங்கள். அங்கே இரண்டு நிறுவனங்களின் பெயர் இருந்தால் விண்ணப்பத்திலும் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். காண்டிராக்டர் பெயர், அந்தத் தேதிகள், 'இன்ன நிறுவனத்தில் பணியமர்த்தப்பட்டேன்' என்ற ஒரு வரி. பிறகு இப்போதைய நிறுவனம், அதன் தேதிகள். காண்டிராக்டர் காலத்துக்கு வேறு யு.ஏ.என். போட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, பழைய கணக்கை இப்போதைய எண்ணுக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். காண்டிராக்டர் நீங்கள் விலகிய தேதியைப் பதியாமலே விட்டிருப்பார், பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 2020 முதல் அதை நீங்களே இணையத்தில் பதியலாம், விலகி இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கும் ஒரு தரகர் 500 ரூபாய் கேட்பார். ஆதாரோடு இணைந்த உங்கள் கைப்பேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யை அவரிடம் சொல்லாதீர்கள். அது உங்கள் சேமிப்பின் சாவி.

நியமனக் கடிதம் எழுத்தில் வரும்வரை ராஜினாமா கொடுக்காதீர்கள். 'சரிபார்ப்பு முடிந்த பிறகே இது செல்லும்' என்று அதில் ஒரு வரி இருந்தால், சரிபார்ப்பு முடிந்ததற்கு ஒரு மின்னஞ்சல் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் கொடுங்கள்.