விதை முளைக்கச் சூடேற்றும் விரிப்பு தேவையா?

கேள்வி: நான் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். வீட்டின் பின்புறத்தில் மிளகாய், தக்காளி, கத்தரி பயிரிட எண்ணியுள்ளேன். மேலை நாட்டார் வசந்தம் பிறக்கும் முன்பே வீட்டுக்குள் விதையிடுவதைக் காணொளிகளில் பார்த்தேன். அவர்கள் பயன்படுத்தும் சூடேற்றும் விரிப்பு, விளக்கு, மூடியுள்ள தட்டு ஆகியவை ஒரே தொகுப்பாக இணையத்தில் ஏறக்குறைய 200 ரிங்கிட்டுக்கு விற்கப்படுகின்றன. வாங்கலாமா?

பதில்: தட்டு மட்டும் தனியாகக் கிடைத்தால் வாங்குங்கள்; மற்றவை உங்களுக்குத் தேவையில்லை. உறைபனி விழும் நாடுகளில் தக்காளியும் மிளகாயும் ஓர் இரவுக் குளிரைக்கூடத் தாங்காமல் கருகிவிடும் என்பதாலும், அங்கே கோடைக்காலம் குறுகியது என்பதாலும், கடைசி உறைபனி எதிர்பார்க்கப்படும் நாளுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே வீட்டுக்குள் நாற்று எழுப்பிக் காலத்தை மிச்சப்படுத்துகிறார்கள். அந்தத் தொகுப்பு குளிருக்கான மருந்து. பேராக்கின் சமவெளியில் இரவில்கூட வெப்பம் 23 பாகைக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. பகலில் 32 பாகையைத் தொடுகிறது. இந்த விதைகள் நன்கு முளைப்பதோ 21 முதல் 30 பாகைக்குள்தான்.

விரிப்பு வீண்செலவு என்பதோடு நிற்காது. வெப்பக் கட்டுப்பாடு இல்லாத மலிவான விரிப்பு, அறை வெப்பத்தைவிட மண்ணின் வெப்பத்தை மேலும் சில பாகை உயர்த்துவதால், நமது நண்பகலில் விதை முளைப்பதற்குப் பதிலாக வெந்துபோகும். அமெரிக்கச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட 110 வோல்ட் விரிப்பாக இருந்தால் ஆபத்து இன்னும் பெரிது. நம் வீட்டு மின்சாரத்தில் அதைச் செருகினால் மின்னழுத்தம் இரட்டிப்பதால், அது இழுக்கும் மின்திறன் நான்கு மடங்குக்கு மேல் உயரும், தீப்பிடிக்கவும் கூடும். எந்த மின்பொருளானாலும் வோல்ட் அளவையும், செருகியிலும் அடாப்டரிலும் சிரிம் (மலேசியத் தரச்சான்று நிறுவனம்) முத்திரை உள்ளதா என்பதையும் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள். கனடாவுக்கு அனுப்பும் படத்தையே நமக்கும் காட்டும் விற்பனையாளர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

விளக்கும் வேண்டாம். நமக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரப் பகல் வெளிச்சம் உண்டு. ஆனால் தட்டை வரவேற்பறைக்குள் வைத்தால் நாற்றுகள் வெளிச்சத்தைத் தேடி மெலிந்து நீண்டு சாய்ந்துவிடும். காலை வெயில் படும் தாழ்வாரமே பொருத்தமான இடம்.

இங்கு நாற்றுக்குப் பகை மழையும் ஈரமும்தான். கொட்டும் மழை விதையை அடித்துச் செல்கிறது. தேங்கும் ஈரத்தில் பூஞ்சை பற்றி, முளைத்த நாற்றுகள் அடித்தண்டு அழுகி ஒரே இரவில் படுத்துவிடுகின்றன. எனவே செலவழிக்க விரும்பினால், தட்டுக்கு மேலே ஒளி ஊடுருவும் கூரைத் தகடு ஒன்றுக்கும், ஒரு மூட்டை தென்னை நார்த்தூளுக்கும் செலவழியுங்கள். செம்பனைத் தோட்டத்து மண்ணை அள்ளித் தட்டில் நிரப்ப வேண்டாம்; நீர் வடியாத களிமண்ணில் பூஞ்சையும் எளிதில் பற்றும். அடியில் துளையிட்ட தயிர்க் குவளைகளே தட்டுக்கு ஈடாகும். மூடி இருந்தால் முளை வெளிவந்ததும் எடுத்துவிடுங்கள். வெண்டை, பயற்றங்காய், கீரை ஆகியவற்றுக்கு இந்த ஏற்பாடும் தேவையில்லை. நேரே பாத்தியில் விதைக்கலாம்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய சாலட் கீரை விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. பொட்டலத்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விதைக்கவும் என்று இருந்தது. ஏமாற்றப்பட்டேனா?

பதில்: உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. அந்த மாதக் குறிப்பு குளிர்நாட்டுக்கு உரியது. சாலட் கீரை விதை, மண்ணின் வெப்பம் 27–30 பாகையைத் தாண்டினால் உறக்கநிலைக்குச் சென்றுவிடும் இயல்புடையது. குளிர்ச்சியான கேமரன் மலையில் செழிப்பது இங்கு முளைக்காதிருப்பதில் வியப்பில்லை. பத்து விதைகளை ஈரமான மெல்லிய தாளில் மடித்து, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்த பின், வீட்டின் குளிர்ச்சியான மூலையில் ஒரு வாரம் பாருங்கள். பாதிக்கு மேல் முளைத்தால் விதையில் குறையில்லை.

அப்படியும் முளைக்காவிட்டால், பொட்டலத்தில் உள்ள பொதியிட்ட தேதியையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். விற்கப்படும் பொருள் அதன் விவரிப்புக்கும் நோக்கத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. முதலில் விற்பனையாளரிடம் எழுத்து மூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. சில ரிங்கிட் விதைக்காக அவ்வளவு தூரம் போவது உங்கள் விருப்பம்.

விற்பனையாளர் வெளிநாட்டில் இருந்தால் நிலைமை வேறு. நடுவர் மன்றத் தீர்ப்பை அவர் மீது நிறைவேற்றுவது கடினம். அதோடு, விதைகளை இறக்குமதி செய்ய மாக்கிஸ் எனப்படும் மலேசியத் தனிமைப்படுத்தல், சோதனைத் துறையின் அனுமதி தேவை. அது இல்லாமல் தபாலில் வரும் பொட்டலம் பறிமுதல் செய்யப்படலாம். அடுத்த முறை மாவட்ட வேளாண் அலுவலகத்தில் விசாரித்து, உள்நாட்டில் பொதியிட்ட விதையையே வாங்குங்கள். மிளகாய்க்கு மார்டி எனும் மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய வகைகள் நம் வெப்பத்துக்கு ஏற்றவை. மீந்த விதையைக் காற்றுப் புகாத குப்பியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.