பழைய வாய்க்காலை மீட்பவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

டெல்டா ஊர்களில் பழைய பாசன வாய்க்கால்களைத் தூர்வாரிப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

மன்னார்குடி மாணவர்: ஐயா, வேலையை எப்போது தொடங்கலாம்?

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம். இடைப்பட்ட கோடைதான் நமக்கு. ஆனால் சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் நிற்கும். அள்ளிய மண்ணை அதன்மேல் கொட்டிவிடாதீர்கள் தம்பி. உளுந்து எடுத்த மறுநாளே இறங்குங்கள். வைகாசிவரை தள்ளிப்போட்டால் தண்ணீர் முந்திக்கொள்ளும்.

திருவாரூர் இளைஞர் குழு: பொக்லைன் கிடைத்திருக்கிறது. எவ்வளவு ஆழம் வெட்டலாம்?

ஆழமாக வெட்டினால் தண்ணீர் நிறைய வரும் என்று நம்புகிறார்கள். நான் முழு மூச்சாக எதிர்ப்பது இதைத்தான். மதகின் உள்தரை மட்டமே வாய்க்காலின் பழைய தரைமட்டம். அதற்குக் கீழே போனால் நீர்மட்டம் தாழ்ந்து, பக்கத்து வயலுக்கே தண்ணீர் ஏறாது, பள்ளத்தில் தேங்கும், வாய்க்காலின் கடைசி முனையான கடைமடைக்குப் போய்ச் சேராது. டெல்டாவில் நிலத்தின் சாய்வு மிகக் குறைவு, அதனால் ஓரடிப் பிழைகூட வெகுதூரம் பாதிக்கும். கொத்தனார் நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூபால் ஒரு மதகிலிருந்து அடுத்த மதகுவரை அளந்து, முளை அடித்துவிட்டு வெட்டுங்கள். கடைமடையில் தொடங்கி மேல்நோக்கி வாருங்கள். தேங்கிய நீர் தானே வடியும். கரையைச் செதுக்கி வாய்க்காலை அகலப்படுத்தவே வேண்டாம்.

வயலின் மிகுநீரை வெளியேற்றும் வடிவாய்க்காலையும் மறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் மூழ்குவது பெரும்பாலும் அது அடைபட்டுக் கிடப்பதால்தான்.

கும்பகோணம் ஆசிரியை: பழைய செங்கல் மதகுக்குச் சிமெண்ட் பூசலாமா?

வேண்டாம் அம்மா. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும். சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிட, செங்கல் உதிரத் தொடங்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் வேரோடு செங்கலும் வந்துவிடும். வெட்டிவிட்டு வேரைப் பட்டுப்போகச் செய்ய வேண்டும். நீர்வளத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் மதகில் ஒரு கல்லையும் நகர்த்தாதீர்கள்.

தஞ்சாவூர் வாசகர்: கல்லணைக் கால்வாயும் கரிகாலன் காலத்ததா?

இல்லை. மேட்டூர் அணையோடு 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது அது. புதுஆறு என்று நாம் அழைப்பதும் அதனால்தான். கரிகாலன் பெயரோடு சேர்ந்தது கல்லணை.

நாகப்பட்டினம் விவசாயி: ஆகாயத்தாமரையை எடுக்க எடுக்க வருகிறதே?

எடுத்ததைக் கரை விளிம்பிலேயே போட்டால் வரத்தான் செய்யும். ஒரு துண்டுத் தண்டு நீரில் விழுந்தாலும் தழைத்துவிடும். விதை சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். பூப்பதற்கு முன்பே அள்ளி, தொலைவில் காயவையுங்கள். சாக்கடை கலக்கும் இடத்தில்தான் அது கொழுக்கிறது. அந்தக் கழிவைத் தடுக்க ஊராட்சியை விடாமல் கேளுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கையும் வெட்டிய இடத்தில் போடக்கூடாது, குச்சி மண்ணைத் தொட்டால் வேர்விடும்.

மயிலாடுதுறை தன்னார்வலர்: குடிமராமத்து அரசுத் திட்டம்தானே, நாம் ஏன் செய்ய வேண்டும்?

2017-இல் அரசு கையில் எடுத்தது ஒரு பழைய வழக்கத்தின் பெயரை. ஊரார் கூடித் தம் வாய்க்காலை வெட்டியது அதற்கு வெகுகாலம் முந்தியது. 1858-இல் ஆங்கில அரசு அந்த உழைப்பைக் கட்டாயமாக்கிச் சட்டமே போட்டது. பெரிய ஆறுகளுக்கு இயந்திரமும் நிதியும் வரும். உங்கள் வயலோரத்து வாய்க்காலில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் பையை எடுக்க யார் வருவார்?

அதே தன்னார்வலர்: சேற்றில் இறங்குகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

காலில் புண் இருப்பவரை இறக்காதீர்கள். எலிக்காய்ச்சல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் நுழைகிறது. முழங்கால்வரை பூட்ஸ் கட்டாயம். வேலை முடிந்த சில நாட்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் கண்டால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.