பிளாஸ்கோவிட்ஸின் அறிக்கை – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர் பற்றிய உங்கள் உரையில், ஹிட்லரின் தளபதி ஒருவர் போலந்துப் படுகொலைகளை எதிர்த்து மனு எழுதினார் என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். ஜொஹானஸ் பிளாஸ்கோவிட்ஸ் என்ற பெயரைக் குறித்துக்கொண்டு தேடிப் படித்தேன். குழப்பம்தான் கூடியது. மனு எழுதிய மனிதர் அதற்கப்புறம் ஐந்து வருடம் அதே ஹிட்லருக்காகப் போரிட்டிருக்கிறார். விசாரணை தொடங்கும் நாளில் தற்கொலை. “அந்தச் சீருடை போட்டவன் எல்லாம் ஒன்றுதான்” என்கிறார் என் நண்பர். எனக்கு அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை. இவரை எப்படி எடுத்துக்கொள்வது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதம். எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

பிளாஸ்கோவிட்ஸ் 1883ல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். அப்பா புராட்டஸ்டன்ட் போதகர். படிப்பே ராணுவப் பள்ளியில். முதல் உலகப்போரை கேப்டனாக முடித்தார். வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் ராணுவத்தை ஒரு லட்சம் பேராகச் சுருக்கியபோது அதிகாரிகளுக்கு 4,000 இடம்தான். அந்த வடிகட்டலில் தேறியவர்களில் இவரும் ஒருவர். ராணுவத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை உண்டு என்பதே இப்படிப்பட்டவர்களுக்குத் தோன்றியிருக்காது. 1934 ஆகஸ்டில் எல்லாரும் ஹிட்லர் பெயரில் சத்தியம் செய்தார்கள், இவரும் செய்தார்.

1939 செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த 8ம் படைக்கு இவர் தளபதி. பசூரா ஆற்றங்கரையில் போலந்து ஜெனரல் குட்ஷேபா இவர் படையைத் திடீரென்று தாக்கி நிலைகுலைய வைத்தார். அதே குட்ஷேபா செப்டம்பர் 28 அன்று வார்சாவின் சரணடைவில் கையெழுத்துப் போட ஸ்கோடா தொழிற்சாலைக்கு வந்தார். எதிரில் பிளாஸ்கோவிட்ஸ். வெற்றி அணிவகுப்புக்கு ஹிட்லர் வந்தபோது விமானத் தளத்தில் ராணுவத்தார் மேஜை போட்டு வெள்ளை விரிப்பு விரித்து விருந்து வைத்திருந்தார்கள். சாதாரணச் சிப்பாயோடு நின்று சாப்பிடுகிறவன் நான் என்று முறைத்துக்கொண்டு ஹிட்லர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். சீருடைக்காரர்களுக்கும் அவருக்கும் ஒட்டாமல் போனதற்கு இந்த மாதிரி சில்லறைக் காட்சிகளும் உண்டு.

சரி, நீங்கள் ‘மனு’ என்று சொல்வதற்கு வருகிறேன். போலந்துப் போர் முடிந்ததும் அங்கே ஜெர்மானியர் பிடித்த பகுதியின் ராணுவத் தலைமை இவருக்கு. நாஜிக் கட்சியின் ஆயுதப்படையான எஸ்எஸ்ஸும் போலீஸ் பிரிவுகளும் யூதர்களையும் போலந்துக்காரர்களையும் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக்கொண்டிருந்தன. ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தலாம் என்றால், போலந்தில் நடந்தவற்றுக்கு அக்டோபர் 4 அன்று ஹிட்லர் பொதுமன்னிப்பு கொடுத்துவிட்டார். இரண்டு வாரத்துக்குள் எஸ்எஸ் ஆட்களை ராணுவச் சட்டத்தின் கையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது காகிதம் ஒன்றுதான். நவம்பரில் ஒரு அறிக்கை, 1940 பிப்ரவரியில் இன்னொன்று. இரண்டும் முறைப்படி, மேலதிகாரி பிராவ்கிட்ஷ் வழியாக.

பிப்ரவரி அறிக்கையை மெதுவாகப் படிக்கவேண்டும். இப்போது நடப்பதுபோல யூதர்களையும் போலந்துக்காரர்களையும் பல்லாயிரக்கணக்கில் வெட்டித் தள்ளுவது தவறு என்கிறார். ஏன் தவறு? ஜனத்தொகை அவ்வளவு பெரியது. இப்படிக் கொன்று போலந்து தேசம் என்ற எண்ணத்தையும் அழிக்க முடியாது, யூதர்களையும் ஒழிக்க முடியாது என்பது அவர் சொல்லும் காரணம். அப்புறம், எதிரிக்குப் பிரச்சாரம் கிடைக்கும். யூதர்களைப் பிடிக்காத பக்தியுள்ள போலந்துக்காரன்கூட இதைப் பார்த்து அவர்கள்மேல் இரக்கப்படுகிறான், அது நமக்கு நஷ்டம். இதையெல்லாம் செய்யும் ஜெர்மானியர்களுக்குள் மிருகத்தனம் கொள்ளைநோய் மாதிரி பரவும். படைவீரர்கள் எஸ்எஸ்ஸை அருவருக்கிறார்கள்.

கடைசி இரண்டிலும் போதகர் மகனின் குரல் கேட்கிறது என்று எனக்குத் தோன்றும். முதல் வரியில் கேட்பது கணக்குப்பிள்ளையின் குரல். ‘மேலிடத்துக்கு உறைக்கவேண்டும் என்றுதான் அப்படி எழுதினார்’ என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்வோச்செவ் என்ற ஊரில் சுமார் 200 பொதுமக்களைக் கொன்றதில் ஒரு எஸ்எஸ் ரெஜிமென்டோடு சாதாரணக் காலாட்படையினரும் இருந்தார்கள். இரண்டுமே இவருடைய 8ம் படையைச் சேர்ந்தவை. அறிக்கையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது எஸ்எஸ்ஸும் போலீஸும்தான்.

இதையும் சொல்லவேண்டும்: அந்த வருடம் அந்த ராணுவத்தில் இவ்வளவு வெளிப்படையாக எழுதிய பெரிய தளபதிகள் மிகச் சிலர்தான், அவர்களில் இவர் ஒருவர். ஹிட்லர் எரிந்துவிழுந்தார். சிறுபிள்ளைத்தனம், இரட்சணிய சேனை முறைகளை வைத்துக்கொண்டு போர் நடத்த முடியாது என்று அவர் கத்தியதை உதவியாளர் எங்கல் குறித்து வைத்திருக்கிறார். (இரட்சணிய சேனை ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு. நாகர்கோவில்காரர்களுக்கு அது என்றால் வடசேரி ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும்.) 1940 மே மாதம் பதவி போயிற்று. ஜூலையில் ஹிட்லர் ஒரே நாளில் 12 பேரை ஃபீல்ட் மார்ஷல் ஆக்கினார். அந்தப் பட்டியலில் இவர் பெயர் இல்லை, பின்னாலும் வரவில்லை.

மேலிடத்தின் கோபத்தால் ஒதுக்கப்பட்ட மனிதர், சரி போதும் என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். வயது 57. போகவில்லை. அந்த அக்டோபரிலேயே பிரான்சில் 1ம் படைக்குத் தளபதி. பிரெஞ்சு அட்லாண்டிக் கரையின் தெற்குப் பகுதி அதன் பொறுப்பு. போஸ் தொடங்கிய இந்தியப் படைப்பிரிவும் 1943ல் அங்கேதான், போர்தோ பக்கத்தில் லக்கனோவில், வந்து இறங்கியது. நான்கு வருடம் இவரிடமிருந்து இன்னொரு அறிக்கை இல்லை. 1944 ஜூலை 20 அன்று ஹிட்லர்மேல் குண்டு வைத்தது தோற்றதும், இந்த இழிவான குற்றத்துக்குப் பின் நாங்கள் உங்களிடம் இன்னும் நெருங்கி நிற்போம் என்ற பொருளில் விசுவாசச் செய்தி அனுப்பினார். 1945 மார்ச்சில் நெதர்லாந்துப் பக்கம், படையை விட்டு ஓடுகிறவனை உடனே விசாரித்துச் சுடச்சொல்லி உத்தரவு போட்டார். உங்கள் நண்பரோடு நான் ஒத்துப்போகும் பாதி இதுதான்.

அந்த நெதர்லாந்தில்தான் பட்டினிக் குளிர்காலம். சுமார் 20,000 பேர் இறந்தார்கள். ஏப்ரல் கடைசியில்தான் நேச நாட்டு விமானங்கள் உணவுப் பைகளைப் போட ஜெர்மானியர்கள் வழிவிட்டார்கள். மே 5, வாகனிங்கன் என்ற சிற்றூர், ஒரு ஹோட்டல். பெயர் ‘உலகம்’. கனடா ஜெனரல் ஃபோக்ஸ் நிபந்தனைகளைச் சொல்லச் சொல்ல பிளாஸ்கோவிட்ஸ் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். ஸ்கோடா தொழிற்சாலையில் குட்ஷேபா உட்கார்ந்திருந்த, தோற்றவரின் பக்கம் இப்போது இவருக்கு.

1948 பிப்ரவரி 5, நியூரம்பர்க்கில் ஜெர்மன் தளபதிகள்மேல் போர்க்குற்ற வழக்கு தொடங்கிய நாளில், மாடியிலிருந்து குதித்து இறந்தார். எஸ்எஸ் கைதிகள் தள்ளிவிட்டார்கள் என்றொரு பேச்சு உண்டு, நான் நம்புவதில்லை. அந்த வழக்கில் மிஞ்சிய 13 பேரில் இருவர் விடுதலையானார்கள். இவருக்கும் கிடைத்திருக்கலாம் என்பார்கள். அந்த அறிக்கைதான் இவர் கையிலிருந்த நல்ல சாட்சி. ஆனால் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியும் அதிலிருந்துதான் வந்திருக்கும்: 1940லேயே இவ்வளவு தெரிந்திருக்கிறதே, அப்புறம்?

உங்கள் நண்பருக்கு பிப்ரவரி அறிக்கையையும் ஜூலைச் செய்தியையும் சேர்த்தே சொல்லுங்கள், ஒன்றை மட்டும் சொல்லாதீர்கள். என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.