38 வயதில், குழந்தைகளும் வீட்டுக் கடனும் இருக்கும்போது எம்.டி. படிக்கலாமா?

எம்.பி.பி.எஸ். முடித்தவர் குழந்தைகள் நலம், மயக்க மருத்துவம் என ஒரே துறையில் மேலும் 3 வருடம் படிப்பதுதான் எம்.டி. அதில் சேர எழுத வேண்டிய நீட் பி.ஜி. நுழைவுத் தேர்வுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. அதனால் வயதைவிட, போட்ட பணத்தை எடுக்க மிச்சமிருக்கும் வருடங்களைத்தான் பார்க்க வேண்டும். 60 வரை வேலை என்று வைத்தால், படிக்கும் 3 வருடம் போக 25-ல் சேர்பவருக்கு 32 வருடம். 38-ல் சேர்பவருக்கு 19. தென்னை மாதிரிதான்: தாமதமாக வைத்தாலும் காய்க்கும், பறிக்கும் காலம் குறைவு.

அரசுக் கல்லூரி இடம் என்றால் சரி, கட்டணம் குறைவு, மாதம் உதவித்தொகையும் வரும். பெரிய கடன் வாங்கித் தனியாரில் சேர்வதை நான் சொல்லமாட்டேன். இரவுப் பணிகளை வீடு தாங்குமா என்பதைத் துணையிடம் முதலிலேயே பேசிவிடுங்கள் (பலர் சேர்ந்த பிறகுதான் பேசுகிறார்கள்).

அப்புறம், படிக்கும்போது கல்விக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டாம் என்றால் வட்டியும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும்.