காவிரி டெல்டாவில் பழைய பண்ணை வீட்டுச் சாயலில் புது வீடு கட்டலாமா? எதில் தொடங்குவது?

கட்டலாம். நான் கட்டிக் குடிவந்து நான்கு ஐப்பசி மழை பார்த்தாயிற்று. மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே, தாத்தாவின் ஓட்டு வீடு இருந்த அதே நாற்பது குழி மனை. (வெளியூர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கத்துக் குழி 144 சதுர அடி.) கேள்வி கேட்டவர் பெற்றோர், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இருக்கப்போவதாகவும், தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை, நடுவில் முற்றம் எல்லாம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். அதனால் என் வீட்டை வைத்தே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சங்கடமான விஷயம். நீங்கள் மனதில் வைத்திருப்பது செட்டிநாட்டு வீடு. டெல்டா வீடு வேறு. காரைக்குடிப் பக்கம் வறண்ட பூமி. கடல் கடந்து வணிகம் செய்தவர்கள் பர்மாத் தேக்கைக் கொண்டுவந்து இழைத்துக் கட்டியது அது. எங்கள் ஊர் வீடு நெல்லுக்கும் மழைக்கும் கட்டியது. உயரமான திண்ணை, தலை தட்டுகிற அளவுக்குத் தாழ்ந்த எறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை ஓரம்), கூடத்தில் நெல் கொட்டி வைக்கும் பத்தாயம், கொல்லையில் மாட்டுக்கொட்டகை, பக்கத்தில் வைக்கோல் போர். தூண் என்று இருந்தால் அது பனையாகவோ வேம்பாகவோ இருக்கும். அதிலும் ‘பண்ணை வீடு’ என்றால் எங்கள் ஊரில் மிராசுதார் வீடுதான். நாங்கள் இருந்தது குடியானவர் வீடு. இரண்டுக்கும் சாயல் ஒன்று, அளவுதான் வேறு.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அந்தச் சாயல் தூணால் வரவில்லை. தரை உயரம், கூரைச் சரிவு, வெளியே நீண்ட எறவாணம், இந்த மூன்றும் சரியாக அமைந்தால் சிமெண்டுத் தூண் வைத்தால்கூடப் பழைய வீடு மாதிரி இருக்கும். இந்த மூன்றும் இல்லாமல் எட்டுத் தேக்குத் தூண் நட்டால் கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கும். பணத்தை எதில் போடுவது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள்.

தரை உயரத்திலிருந்து வருகிறேன். தாத்தா வீட்டுத் திண்ணைக்கு நாலு படி ஏற வேண்டும் என்பார் அப்பா. நான் பார்த்தபோது ஒரு படிதான் இருந்தது. வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனதில், கடைசிக் காலத்தில் தெருத் தண்ணீர் ரேழிக்குள் (வாசலை அடுத்த நடைக்குள்) எட்டிப் பார்த்தது. அதனால் புது வீட்டுக்குத் தெருவின் நடு மேட்டிலிருந்து நாலு அடி உயர்த்தித் தளம் போட்டோம். கொத்தனார், “எதுக்கு தம்பி இம்மாம் உசரம், மண்ணடிச்சே காசு போயிடும்” என்றார். போனதென்னவோ உண்மை. ஆனால் அந்த உயரம்தான் படியையும் திண்ணையையும் தானாகக் கொண்டுவந்தது.

அஸ்திவாரத்தில் பழைய முறை வேண்டவே வேண்டாம். டெல்டா களியைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும், பக்கத்து வயலில் தண்ணீர் கட்டினால் ஊறி உப்பும். வருஷம் முழுக்க இந்த ஏற்ற இறக்கம்தான். வெறும் செங்கல் அஸ்திவாரத்தில் நின்ற தாத்தா வீட்டுச் சுவர்களில் மூலைக்கு மூலை விரிசல். நாங்கள் மண் பரிசோதனை செய்துவிட்டு, பொறியாளர் சொன்னபடி அண்டர் ரீம்டு பைல் போட்டோம். நிலத்தில் ஆழமாகத் துளையிட்டு, அடியில் குமிழ் மாதிரி அகலப்படுத்தி, கம்பி கட்டி கான்கிரீட் நிரப்புவது. ஈரமும் காய்ச்சலும் எட்டாத ஆழத்தில் அது பிடித்துக்கொள்ளும். மேலே பீம் ஓட்டி அதன்மேல் சுவர். இது ஒருவர் கண்ணுக்கும் தெரியாது, யாரும் பாராட்டவும் மாட்டார்கள். ஆனால் இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம் கூரை. மூன்று வழி இருந்தது. ஒன்று நாட்டு ஓடு. பார்க்க அதைப்போல அழகு எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஆவணியிலும் பிரித்து மாற்ற வேண்டும், அந்த வேலை தெரிந்த ஆள் எங்கள் ஊரில் இப்போது இல்லை. குரங்கு வேறு. இரண்டாவது, சரிவாக கான்கிரீட் போட்டு அதன்மேல் ஓட்டை ஒட்டுவது. எல்லாரும் இதைத்தான் சொன்னார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் கான்கிரீட் சூடு அப்படியே இறங்கும், ஓடு வெறும் அலங்காரமாக மேலே உட்கார்ந்திருக்கும். மூன்றாவது, சீமை ஓட்டுக் கூரை (மங்களூர் ஓடு என்பார்களே, அது), இரண்டு அடுக்காக. கீழே சீலிங் ஓடு, மேலே சீமை ஓடு. நடுவில் இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். மேலடுக்குச் சீமை ஓடு மட்டும் நூறு சதுர அடிக்கு 150 வரை பிடிக்கும். இதைத்தான் செய்தோம். ஓட்டைத் தாங்கும் சரிவுச் சட்டமான கைமரத்தை முழுக்க மரத்தில் போட நினைத்து, விலை கேட்டதும் வாயை மூடிக்கொண்டு இரும்புச் சதுரக் குழாய்க்கு வந்தேன். திண்ணையிலும் முற்றத்தைச் சுற்றியும், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் பழைய பனஞ்சட்டம். வைரம் பாய்ந்த பனையாகப் பார்த்து வாங்கினால் அது நம்மைவிட அதிக நாள் இருக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் பெரியப்பா வீட்டுக் கூரையில் பாதி பறந்தது. பறந்தது எல்லாம் ஓரத்து ஓடுகள், முகட்டு ஓடுகள். நடுவில் இருந்தவை பெரும்பாலும் அசையவே இல்லை. எறவாணத்தின் அடியில் புகுந்த காற்றுதான் ஓரத்திலிருந்து பெயர்த்திருக்கிறது. எறவாணம் நீள நீள அழகு கூடும், ஆபத்தும் கூடும். எங்களுக்கு இரண்டரை அடி. ஓரத்தில் மூன்று வரிசை ஓடுகளையும் துருப்பிடிக்காத கம்பியால் சட்டத்தோடு கட்டச் சொன்னேன். முகட்டு ஓட்டைக் கலவையில் பதித்தோம். சரிவு 30 டிகிரி. அதற்குக் குறைத்தால் சாரல் மழையில் ஓட்டின் இணைப்பு வழியே தண்ணீர் ஏறி உள்ளே வரும்.

வீட்டின் பின்பாதிக்கு ஓடு கிடையாது. இரண்டு படுக்கையறை, சமையலறை, மேலே தட்டையான கான்கிரீட் தளம். காரணம், வீட்டுக்கடன் கேட்ட வங்கியில் முழுக்க ஓட்டுக் கூரை என்றதும் மதிப்பைக் குறைத்து இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது யோசித்தால், தண்ணீர்த் தொட்டி எங்கே வைப்பது, வடகம் எங்கே காயவைப்பது, வெள்ளம் வந்தால் எங்கே ஏறுவது? தெருவிலிருந்து பார்த்தால் முன்பக்க ஓடு அதை மறைத்துவிடுகிறது.

இனி முற்றம். எங்கள் பேச்சில் மித்தம். நான் வாங்கிக் கட்டிக்கொண்டது இங்கேதான்.

பத்துக்குப் பத்து முற்றம். நாலு பக்கக் கூரையும் உள்பக்கமாகச் சரிந்து அதில்தான் தண்ணீரைக் கொட்டும். கணக்கு மிகச் சாதாரணம். முற்றத்தையும் சேர்த்து 600 சதுர அடி என்று வையுங்கள். ஒரு அங்குல மழைக்கு 1,400 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது டெல்டாவில் அதிசயம் இல்லை. அப்போது 5,500 லிட்டருக்கு மேல். இந்தக் கணக்கை நான் போட்டது வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு. கட்டும்போது குழாய் போட்டவர் நாலு அங்குலக் குழாய் ஒன்று போதும் என்றார், நானும் தலையாட்டினேன். முதல் வருஷம் தீபாவளிக்கு முந்தின ராத்திரி இரண்டு மணிக்கு மனைவி எழுப்பினாள். கூடத்தில் செருப்பு மிதக்கிறது. கொல்லை வேப்பமரத்து இலையெல்லாம் கூரை வழியாக வந்து சல்லடையில் ஒட்டி, அதன்மேல் பிள்ளைகள் விட்ட காகிதக் கப்பல் ஒன்று சப்பையாகப் படிந்து கிடந்தது. கையை விட்டு இலையை அள்ளினேன், கடகடவென்று இறங்கியது. இறங்கிய வேகத்தைவிட வருகிற வேகம் அதிகம்.

அம்மா கட்டிலில் காலைத் தூக்கி உட்கார்ந்துகொண்டு, “அந்தக் காலத்துல ரேழிக்கு அடியில கல்லு வாய்க்கா ஓடுமேப்பா, மழை வந்தா ஒங்க தாத்தா மூங்கில் கோலை விட்டு ஒரு குத்துக் குத்துவாரு” என்றார்கள். இதைக் கட்டும்போது சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

அந்தப் பொங்கலுக்கு அப்புறம் தரையைப் பெயர்த்து, ஆறு அங்குலக் குழாய் ஒன்று கூடுதலாகவும், கொல்லைப் பக்கமாக ஒரு அடி அகலத்துக்குத் திறந்த வாய்க்காலும் போட்டோம். மேலே எடுத்துக் கழுவுகிற மாதிரி கருங்கல் பலகை. முற்றத்தின் தரையையும் கூடத்தைவிட ஒரு அடி தாழ்த்தினோம். நீங்கள் முதலிலேயே இப்படிச் செய்யுங்கள். நாலு கூரை சந்திக்கிற மூலைகளில் தகரம் எவ்வளவு அகலம் என்பதையும் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒழுகினால் முதலில் அங்கேதான் ஒழுகும்.

மழைக்குப் பயந்து முற்றத்தின்மேல் பாலிகார்பனேட் ஷீட் போட்டுவிடாதீர்கள். என் மைத்துனர் போட்டார். சித்திரையில் அவர் வீட்டுக் கூடம் இட்லிப் பானை. முற்றம் இருப்பதே சூடான காற்று மேலே போகத்தான், அதற்கு மூடி போட்டால் என்ன மிச்சம்? எங்களுக்கு மேலே கம்பி மட்டும்தான். திருடனுக்கும் குரங்குக்கும் அது போதும். கொசுவுக்கு அறைக் கதவுகளிலும் ஜன்னலிலும் வலை.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போடலாம், தப்பில்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்து, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது. நடக்க நடக்கத்தான் பளபளப்பு வரும். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு ரெட் ஆக்ஸைடு தரைதான் பொருத்தம் என்பது என் எண்ணம். அதைப் போட ஆள் கிடைப்பதுதான் பாடு. இளவட்டக் கொத்தனார் ஒருவர் ஒரு அறையைக் காலையில் பாதி, மறுநாள் பாதி என்று போட்டார். நடுவே கோடு விழுந்து, இரண்டு பக்கமும் இரண்டு சிவப்பு. பிறகு எழுபது வயதுப் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் முதல் நாள் வேலையே செய்யவில்லை. கூடத்துக்கு வேண்டிய சிமெண்டையும் சாயப்பொடியையும் மொத்தமாக உலர்வாகக் கலந்து சலித்து மூட்டை கட்டி வைத்தார். “நெறம் இங்கதான் தம்பி, தரையில இல்ல” என்றார். மறுநாள் விடியற்காலை தொடங்கி, ஈரம் வாங்குவதற்குள் கரணையால் தேய்த்துத் தேய்த்து, இருட்டுவதற்குள் முடித்தார். ஒரு வாரம் வரப்புக் கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். பிறகு தேங்காய் எண்ணெய் துடைப்பு. மயிரிழை விரிசல் இரண்டு இடத்தில் உண்டு. அதற்கெல்லாம் மனம் கலங்குகிறவர்கள் டைல்ஸ் போட்டுக்கொள்வது நல்லது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தூண், கதவு, நிலை (வாசல் சட்டம்) எல்லாம் கிடைக்கும். நானும் போய் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தேன். யாரோ வீட்டு வாசலை என் வீட்டில் வைக்கக் கூச்சமாக இருந்தது. தாத்தா வீட்டு இலுப்பை நிலை மாட்டுக்கொட்டகையில் சாத்திக் கிடந்தது. அடிப்பக்கம் முக்கால் அடி கரையான் தின்றது போக மீதி கல் மாதிரி இருந்தது. ஆசாரி கெட்டதை அறுத்துவிட்டு அடியில் கருங்கல் வைத்து உயர்த்திக் கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக வைத்த மஞ்சள் குங்குமத்தைச் சுரண்ட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். அப்படியே இருக்கிறது. கல் வைத்தும் உயரம் ஐந்தே முக்கால் அடிதான். வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை இடித்துக்கொள்கிறார்கள், இரண்டாவது முறை குனிகிறார்கள்.

பத்தாயம் வைக்கவில்லை. நெல் வயலிலிருந்தே கொள்முதல் நிலையத்துக்குப் போய்விடுகிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிற மூட்டைகளுக்கு இரண்டு தகர டிரம் போதும். “பத்தாயம் இல்லாம என்னடா கூடம்” என்று அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. திண்ணை அவரைச் சரிக்கட்டியது. வரைபடம் போட்டுத் தந்த பையன் ஒன்றரை அடி அகலத்தில் திண்ணை வைத்திருந்தான். அது பஸ் ஸ்டாப் பெஞ்சு. நாலு அடியாக்கி, ஒரு ஓரத்தில் தலை சாய்க்கச் சரிவாக மேடு கட்டினோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவரை அங்கேதான் பார்க்கலாம்.

செலவு? அதே அளவுக்குச் சாதாரண கான்கிரீட் வீடு கட்டுவதைவிடக் கூடத்தான் ஆகும். எங்களுக்கு மிகுதியாக இழுத்தது கூரையும் மண்ணடிப்பும். தூண், கதவு எல்லாம் அவற்றின் பக்கத்தில்கூட வராது.

மனை ஆவணத்தில் நஞ்சை என்று இருந்தால் மனையாக மாற்ற அனுமதி வாங்காமல் ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். நத்தமாக (ஊர்க் குடியிருப்பு நிலமாக) இருந்தால் அந்தத் தலைவலி குறைவு. சம்பா அறுப்பு நடக்கும்போது சித்தாள் கிடைப்பது சிரமம், அது முடிந்ததும் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுங்கள். புரட்டாசிக்குள் ஓடு ஏறிவிட வேண்டும். செங்கல்லைச் சித்திரையிலேயே மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுங்கள். மழை பிடித்தால் சூளை போடமாட்டார்கள், இருக்கிற கல்லுக்குச் சொன்னதுதான் விலை.