ஊசி போட்ட மறுநாளே ரத்தம் வருது, காயமா?

கேள்வி: ரெண்டாவது ஈத்து கலப்பின மாடு, கன்னு போட்டு 5 மாசம் ஆச்சு. 3 தடவ செனை ஊசி (காளை விந்த கர்ப்பப்பைக்குள்ள செலுத்துறது) போட்டும் செனை நிக்கல, சரியா 20, 21 நாள்ல திரும்ப பருவத்துக்கு வந்து, அதாவது காளைக்கு ஏங்கி, கத்துது. ஒவ்வொரு தடவையும் ஊசி போட்ட மறுநாளே வால்ல ரத்தம் ஒட்டியிருக்கு. ஊசி போடுறவர் உள்ள குத்திட்டாரோ?

பதில்: அவர திட்டுறத கொஞ்சம் தள்ளி வைங்க. அந்த ரத்தம் பெரும்பாலும் காயத்தால வர்றதில்ல. பருவம் முடிஞ்சு ஹார்மோன் இறங்குறப்ப கர்ப்பப்பை உள்சுவர்ல இருக்குற நுண்ணிய ரத்தக்குழாய்ங்க உடைஞ்சு கசியும், செனை புடிச்ச மாட்டுக்கும் வரும், புடிக்காததுக்கும் வரும், அதனால ரத்தம் வந்துடுச்சே ஊசி வீணாப்போச்சுன்னு கவலப்பட வேணாம்.

ஆனா அது வர்ற நேரத்த பாருங்க. பருவம் அடங்கி 1லேர்ந்து 3 நாளுக்குள்ளதான் இது வரும். உங்களுக்கு மறுநாளே வருதுன்னா, ஊசி போடும்போதே பருவம் அடங்கிட்டிருந்திருக்கும்னுதான் எனக்கு தோணுது. பருவத்த காலையில பாத்தா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பாத்தா மறுநாள் காலையில ஊசின்னு எல்லாரும் சொல்ற கணக்கு சரிதான், ஆனா ஆரம்பத்த பாத்திருந்தாதான் அது ஒத்துவரும். பருவமே 12லேர்ந்து 18 மணி நேரந்தான், நெறைய மாடு ராத்திரிலதான் ஆரம்பிக்கும், நீங்க பால் கறக்க போறப்ப கத்துறத கேட்டுட்டு சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தா பாதிக்கு மேல ஓடிப்போயிருக்கும். அடங்கி 10, 12 மணி நேரத்துல முட்டை வெளிய வந்துரும், அது ரொம்ப நேரம் தாங்காது.

அடுத்த தடவ, போன பருவத்துலேர்ந்து எண்ணி 18வது நாள்லேர்ந்து படுக்கப் போறதுக்கு முன்னாடியும் விடியக்காலையிலயும் டார்ச் அடிச்சு ஒரு பார்வை பாருங்க. கட்டிப்போட்ட மாட்டுல பின்பக்கம் வடியுற கோழைதான் பருவத்துக்கு சாட்சி. மொதல்ல தண்ணியா இருக்கும், அப்புறம் கண்ணாடி மாதிரி தெளிவா, அறுபடாம கயிறா தொங்கும், அதான் ஊசி போடுற நேரம். கெட்டியாகி கலங்கிட்டா லேட்டு. சீழோ நாத்தமோ இருந்தா ஊசியே போடாதீங்க, மொதல்ல வைத்தியம்.

எப்படியும் 3 தடவ தப்பிடுச்சு, 4வதுக்கு முன்னாடி வெட்னரி டாக்டர்கிட்ட கர்ப்பப்பைய ஒரு தடவ காட்டிடுங்க. அப்படியே விந்துக் குச்சிய (உறைய வச்ச விந்து இருக்குற சின்ன குழாய்) வெதுவெதுப்பான தண்ணியில, சுமார் 37 டிகிரில, அரை நிமிஷம் போட்டு உருக்குறாங்களான்னும் பாருங்க, சிலர் உள்ளங்கையில தேச்சே உருக்கிடுறாங்க!

கேள்வி: ஊசி போட்டு 25 நாளாச்சு, கத்தல. செனைதானே?

பதில்: சொல்ல முடியாது. சத்தமே இல்லாம பருவம் வந்து போற மாடுங்களும் இருக்கு. ஸ்கேன்னா 30 நாள்ல தெரியும், கைய விட்டு பாக்குறதுன்னா 60 நாள் ஆகட்டும்.